எழுபத்தைந்து சதுர மீட்டர்!

2008-ஆம் ஆண்டு, சூலைத் திங்கள் 30-ஆம் நாள். ஜெர்மனி நாட்டுக் கார்ல்ஸ்ருகே நகரிலே, அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்பை அளித்தது. வழக்குத் தொடுத்தவர் மூவர். அவருள் இருவர் ஒற்றை அறையில் மதுக்கூடம் நடத்திப் பிழைப்போர். ஒருவர் டியூபிங்கன் நகரத்தவர், மற்றவர் பெர்லின் நகரத்தவர். மூன்றாமவர் நடனக்கூடம் நடத்துபவர். கூரையின்கீழ் புகை பிடித்தலாகாது என்று மாநில அரசுகள் இயற்றிய சட்டம் தம் தொழிலை அழிக்கிறது என்பது அவர்தம் முறையீடு.

நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது!

கேட்டதும் நமக்குச் சினம் பிறக்கும். மதுவை விற்போன் புகையை ஊதுவோனுக்காக வாதாடுகிறான், மன்றமும் தலையசைக்கிறது, இதிலே நாம் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கேட்கட்டும், தவறில்லை. ஆனால் தீர்ப்பின் முதல் வரியைக் கேட்டதுமே சினந்தெழுவது பக்தனின் வழக்கம். நாம் இறுதி வரி வரை படிக்கக் கடமைப்பட்டவர்கள். படித்தால், புகையிலையைப்பற்றிய வழக்காக அது தொடங்கி, சட்டம் யாருக்கு வளைகிறது, யார்மீது விழுகிறது என்ற கேள்வியிலே வந்து நிற்பதைக் காணலாம். அந்தக் கேள்வி நமக்குப் புதிதா என்ன?

முதலில் அந்த மதுக்கூடத்தைப் பாருங்கள். 'எக்க்னைப்பே' என்பர் ஜெர்மானியர். தெருமுனைக் கடை என்று பொருள். பாட்டாளிகள் குடியிருக்கும் பகுதிகளில் வளர்ந்தது அது. பெரும்பாலும் ஒரே அறை. பீர் ஊற்றித் தரும் நீண்ட மேடை, அதன் முன்னே உயர்ந்த நாற்காலிகள், நாலைந்து மேசைகள், அவ்வளவே. சமையற்கட்டு பெரும்பாலும் இராது. பணியாட்களும் இரார், இருந்தால் மாலை நேரத்துக்கு ஒருவர். உடையவனே ஊற்றுவான், உடையவனே கோப்பை கழுவுவான், நள்ளிரவில் அவனே தரையைப் பெருக்கிக் கதவைப் பூட்டுவான். வருவோர் அதே தெருவினர். ஆலைவேலை முடித்தோர், ஓய்வூதியத்தில் காலங்கழிக்கும் முதியோர், மனைவியை இழந்து தனித்து வாழ்வோர். அவருள் பலர் புகைப்பவர். வீட்டு வரவேற்பறை இல்லாதவனுக்கு அதுவே வரவேற்பறை. முதலாளி என்று அவனைப் பட்டியலில் எழுதலாம். ஆனால் அவனுடைய நாட்கணக்கைப் பார்த்தால் கூலியாளின் கணக்கைவிட நீளமாக இருக்கும்.

பெர்லின் நகருக்கும் புகைக்கும் ஒரு பழங்கதை உண்டு. அந்நகரின் தெருக்களில் புகை பிடித்தல் 1848 வரையில் தடை செய்யப்பட்டிருந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் மக்கள் கிளர்ந்தெழுந்து, தெருவை மறித்து அரண் எழுப்பிப் போரிட்டபோது, மன்னன் இறங்கிவந்து தந்த சலுகைகளுள் தெருவிலே புகைக்கும் உரிமையும் ஒன்று. எழுத்துரிமை கேட்டவர்க்குச் சுருட்டுரிமையும் சேர்த்துக் கொடுத்தான்! அரசர்கள் எப்போதுமே மலிவான சலுகையைத் தாராளமாகத் தருவர். அன்று முதல், புகைப்பதென்பது சுதந்திரத்தின் சாயலாக ஐரோப்பியர் உள்ளத்திலே படிந்துவிட்டது. பின்னாளில் புகையிலைக் கம்பெனிகள் அந்தச் சாயலைக் கோடி கோடியாகக் காசாக்கின.

சாயலைக் கலைத்தது அறிவியல். புகைப்பவன் தன் நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறான் என்பது 1950-களிலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆயினும், அது அவன் பாடு என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. அந்த வழியை அடைத்தவர் ஜப்பானியர் தகேஷி ஹிராயாமா. புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-இல் தம் முடிவை வெளியிட்டார். கணவன் எவ்வளவு புகைத்தானோ அந்த அளவுக்கு, புகைத்தறியாத மனைவி நுரையீரல் புற்றுநோயால் மாளும் வாய்ப்பும் உயர்ந்திருந்தது. கம்பெனிகள் அவர்மீது பாய்ந்தன. கணக்கில் பிழை என்றன. ஆனால் பின்னர் வந்த ஆய்வுகளும் அவர் பக்கமே நின்றன. புகை, புகைப்பவனோடு நிற்பதில்லை. அப்படியானால் மதுக்கூடத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நின்று ஊற்றித் தருபவனின் கதி?

இந்தக் கேள்வியிலிருந்துதான் இன்றைய சட்டங்கள் பிறந்தன. வாடிக்கையாளனின் மூக்குக்காக அல்ல. வேலை செய்பவனின் மூச்சுக்காக. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1994-இல் சட்டம் இயற்றி, 1995 முதல் பணியிடங்களில் புகையை விலக்கியது. மதுக்கூடங்களுக்கு மட்டும் தவணை. 1998 சனவரி முதல் நாளிலேதான் அவற்றின் சாம்பற்கிண்ணங்கள் அகன்றன. சான்பிரான்சிஸ்கோ நகர மதுக்கூடப் பணியாளர் 53 பேரைச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் மருத்துவர்கள் சோதித்தனர். இருமல், சளி, மூச்சிரைப்பு என்று முன்பு துன்புற்றிருந்தோர் 39 பேர்; சில வாரங்களில் அவருள் 23 பேருக்குத் தொல்லை நீங்கியிருந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை. காற்று மாறியது, அவ்வளவுதான்.

இந்த இடத்திலே மேடையேறுகிறார் சிறு கடைக்காரர். தாமாக ஏறினாரா, ஏற்றப்பட்டாரா என்பதுதான் செய்தி. 1987-இல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரம் உணவு விடுதிகளில் புகையைத் தடுத்தது. உடனே அந்நகர உணவு விடுதியாளர் சங்கம் என்ற பெயரிலே ஒரு கூக்குரல் கிளம்பிற்று: வணிகம் நூற்றுக்கு முப்பது வீழ்ந்துவிட்டது, அழிந்தோம், ஒழிந்தோம்! நகர மன்றம் நடுங்கி, நான்கே மாதங்களில் சட்டத்தைத் தளர்த்தியது. பிறகு விற்பனை வரிக் கணக்கு வெளிவந்தது. வீழ்ச்சியைக் காணோம், விற்பனை சற்றே கூடியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து, அச்சங்கத்தின் தலைவராக இருந்தவரே உண்மையைச் சொன்னார். சட்டம் வருமுன் அப்படி ஒரு சங்கமே இருந்ததில்லை. அதைக் கூட்டி நடத்தியது புகையிலைத் தொழில்.

பின்னே பீரங்கி, முன்னே பெட்டிக்கடை! உலகெங்கும் இதுவே போர்முறையாயிற்று. சிகரெட் கம்பெனி தன் பெயரில் வந்து நின்றால் யார் இரங்குவர்? தெருமுனைக் கடைக்காரன் கண்ணீரோடு வந்தால் இரங்குவர். 2003-இல், அதுவரை வெளிவந்த 97 ஆய்வுகளை ஒருசேர எடுத்துப் பரிசீலித்தனர் ஆய்வாளர் சிலர். முறையாக அமைந்த ஆய்வு எதிலும் உணவு விடுதிக்கோ மதுக்கூடத்துக்கோ மொத்தத்தில் இழப்பு தென்படவில்லை. இழப்பு என்று முழங்கிய ஆய்வுகளின் வேரைத் தோண்டினால் புகையிலைப் பணம் கிடைத்தது.

நாம் இங்கே நின்றுவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். கம்பெனி பொய்யன், கடைக்காரன் கைப்பாவை, சட்டம் நல்லது, சபை கலையலாம். ஆனால் 'மொத்தத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே. நூறு கடைகளின் வரவைக் கூட்டிப் பார்த்து இழப்பில்லை என்றால், நூறு கடைக்கும் இழப்பில்லை என்று பொருளா? பத்துப் பெரிய கடைகள் பெருத்து, பத்துச் சிறிய கடைகள் செத்தாலும் கூட்டுத்தொகை மாறாதே! கூட்டுத்தொகையில் பிணம் தெரியாது.

எனவே சட்டத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு வகைச் சட்டங்கள் உள்ளன.

ஒருவகைக்கு எடுத்துக்காட்டு அயர்லாந்து. 2004 மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள், மதுக்கூடங்கள் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் புகையை விலக்கிய முதல் நாடு அது. சுகாதார அமைச்சர் மிஹால் மார்ட்டின். அயர்லாந்தில், அதுவும் மதுக்கூடத்தில், புகையில்லாமலா என்று உலகமே சிரித்தது. மதுக்கூடச் சொந்தக்காரர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அமைச்சர் அசையவில்லை. அந்தச் சட்டத்திலே ஒரு சிறப்பு: புகைக்கென உள்ளே தனியறை கட்டிக்கொள்ள எவருக்கும் அனுமதியில்லை. நூறு மேசை வைத்திருப்பவனும் நான்கு மேசை வைத்திருப்பவனும் புகைக்க விரும்புவோரைப் பார்த்து வெளியே கைகாட்டத்தான் வேண்டும். விளைவு? மதுக்கூடப் பணியாளரின் உமிழ்நீரில் கொட்டினின் என்ற பொருளை அளந்தனர். உடலுக்குள் சென்ற நிகோடின் மாறி உண்டாவது அது. புகைக்காத பணியாளரிடம் அது 80 விழுக்காடு வீழ்ந்திருந்தது. தடையில்லாத வட அயர்லாந்திலோ அதே காலத்தில் 20 விழுக்காடு வீழ்ச்சிதான். வாயிலருகே நின்று புகைக்கும் ஆணும் பெண்ணும் பேசிப் பழகிக் காதல் கொள்வதற்கென ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லே கிளம்பியது என்றால், மக்கள் எவ்வளவு விரைவில் பழகிக்கொண்டனர் என்பது விளங்கும்.

அயர்லாந்தின் சிற்றூர் மதுக்கூடங்கள் பின்னர் பல மூடப்பட்டன, உண்மை. ஆனால் விற்பனை வீழ்ச்சி தடைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2006-இல், கொள்முதல் விலைக்கும் கீழே விற்பதைத் தடுத்துவந்த பழைய ஆணை நீக்கப்பட்டது. பெருங்கடைகள் பீரை அடிமாட்டு விலைக்கு அடுக்கின. அதே ஆண்டு, குடித்துவிட்டு வண்டியோட்டுவோரைப் பிடிக்கச் சாலையில் திடீர்ச் சோதனை வந்தது. 2008-இல் பொருளாதாரமே சரிந்தது. இத்தனையையும் விட்டுவிட்டுப் புகைச்சட்டத்தின்மேல் மட்டும் பழிபோடுவது, வெள்ளத்தில் வீடு இடிந்தபின் கூரையில் அமர்ந்த காக்கையைக் குறை சொல்வது போன்றது.

மற்றொரு வகை ஜெர்மனியில் வந்தது. முதலில் கெஞ்சிப் பார்த்தது நடுவண் அரசு. 2005-இல் உணவு விடுதியாளர் சங்கத்தோடு ஓர் உடன்படிக்கை: விடுதியாளரே மனமுவந்து, சிறிது சிறிதாகப் புகையற்ற இருக்கைகளை ஒதுக்குவர் என்று. 75 சதுர மீட்டருக்கும் 40 இருக்கைக்கும் உட்பட்ட சிறு கடைகளை அந்த உடன்படிக்கை தொடவில்லை. ஓநாயிடம் ஆட்டுப்பட்டியின் சாவியைக் கொடுத்த கதையாக அது பயனற்றுப்போனபின், 2007, 2008-ஆம் ஆண்டுகளில் மாநிலங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. பாடன்-வுர்ட்டம்பர்க் 2007 ஆகஸ்டு முதலும், பெர்லின் 2008 சனவரி முதலும் தடைவிதித்தன. ஆனால் அச்சட்டங்களில் ஒரு சாளரம் திறந்துவைக்கப்பட்டது: முழுதும் அடைக்கப்பட்ட தனியறை ஒன்று இருக்குமானால், அதிலே வாடிக்கையாளர் புகைக்கலாம்.

எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது! தனியறை வைத்துக்கொள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் தனியறை யாரிடம் உண்டு? மூன்று கூடமும் முற்றமும் உள்ள பெரிய விடுதியிடம் உண்டு. ஒற்றை அறைக்காரன் எதை அடைத்து எதைத் தனியறை ஆக்குவான்? நடுவிலே சுவர் எழுப்பினால் ஒருபக்கம் பீர் மேடை, மறுபக்கம் கழிப்பறை! அவனுடைய வாடிக்கையாளர் நான்கு தெரு தள்ளி, புகையறை உள்ள பெரிய விடுதிக்கு எழுந்துபோயினர். புகையும் நிற்கவில்லை, புகைப்பவனும் நிறுத்தவில்லை. வாடிக்கை மட்டும் சிறியவனிடமிருந்து பெரியவனிடம் மாறிற்று. பணியாளின் மூச்சைக் காப்பாற்ற வந்த சட்டம், பெரியவனின் பணப்பெட்டியைக் காப்பாற்றும் சட்டமாகத் திரிந்தது இப்படித்தான்.

இதைத்தான் நீதிமன்றம் கண்டது. தீர்ப்பின் சாரத்தைப் பொறுமையோடு கேளுங்கள். மக்களின் உடல்நலம் உயர்ந்த பொருள். அதற்காக, விலக்கே இல்லாமல் எல்லா மதுக்கூடத்திலும் புகையை முற்றாகத் தடுக்கச் சட்டமன்றத்துக்கு உரிமையுண்டு. சிறு கடையும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதே. ஆனால், தடையைத் தளர்த்தி விலக்கு அளிப்பதென்று சட்டமன்றம் முடிவு செய்துவிட்டால், அந்த விலக்கு பெரியவனுக்கு மட்டும் எட்டும்படியும் சிறியவனைத் தொழிலைவிட்டே துரத்தும்படியும் அமையலாகாது. தொழில் நடத்தும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவுக்கு அது மாறானது. 2009 இறுதிக்குள் புதிய சட்டம் செய்க! அதுவரை, 75 சதுர மீட்டருக்கும் குறைந்த பரப்புடைய, தனியறை இல்லாத, சமைத்த உணவு தராத கடை, 18 வயதுக்கு உட்பட்டோரை உள்ளே விடாமல், புகைக்கும் மதுக்கூடம் என்று வாயிலில் எழுதிவைத்துப் புகையை அனுமதிக்கலாம்.

நீதிபதிகளுள் இருவர் தனித்தனியே மாறுபட்டு எழுதினர். பிரைடே என்பவர், எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற மூலைக்குச் சட்டமன்றத்தைத் தள்ளலாகாது என்றார். மாசிங் என்பவர், முற்றுத் தடையே மிகையானது. வளர்ந்த மனிதரை அரசு குழந்தையாக நடத்தும் இடர் அதிலே உண்டு என்றார். மாசிங்கின் ஐயம் மதிக்கத்தக்கதே. எனினும் மதுக்கூடத்திலே நிற்பவர் எல்லாரும் விரும்பி வந்தவரல்லர். கூலிக்காக வந்தவரும் உண்டென்பதை அந்த வாதம் மெல்லக் கடந்துபோய்விடுகிறது.

ஆக, நீதிமன்றம் சட்டமன்றத்துக்கு இரண்டு கதவு காட்டியது. எல்லாருக்கும் தடை, அல்லது சிறியவனுக்கும் விலக்கு. முதற்கதவு கடினம். மாநிலங்களில் பல இரண்டாம் கதவுக்குள் நுழைந்தன. 75 சதுர மீட்டர் என்ற எண் சட்டப் புத்தகத்தில் ஏறி அமர்ந்துகொண்டது. எந்த மருத்துவர் கண்டுபிடித்த எண் அது? எண்பது சதுர மீட்டரில் கொல்லும் புகை எழுபதில் தாலாட்டுமா? அறை சிறுக்கச் சிறுக்கப் புகை செறியும் என்பது பள்ளிச் சிறுவனும் அறிந்தது. மிகச் செறிந்த புகையிருக்கும் இடத்துக்கே விலக்கு! அங்கே யார் நிற்கிறார்? வாடிக்கையாளன் ஒரு மணி நேரம் இருந்து எழுந்துபோவான். பன்னிரண்டு மணி நேரம் நிற்பவன் கடைக்காரன். ஏட்டிலே முதலாளி என்று பெயர் எழுதிவிட்டதால், அவனுக்கு நுரையீரல் இல்லை என்று சட்டம் எண்ணிக்கொண்டது. அவன் வழக்கில் வென்றான். வென்ற பரிசு, நாள் முழுதும் புகைக்குள் நிற்கும் உரிமை!

அவனைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. பட்டினியா, புகையா என்று கேட்டால் எவனும் புகையைத்தான் கேட்பான். அந்த இரண்டை மட்டும் அவன்முன் வைத்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.

முதற்கதவைத் திறந்த மாநிலமும் உண்டு. அதுவும் எதிர்பாராத மாநிலம். பவேரியா! பீர் விழாவுக்குப் பெயர் பெற்ற, பழமைவாதிகள் பல்லாண்டு ஆண்டுவந்த பூமி. அங்கே 2008 சனவரியில் கடுமையான தடை வந்தது. கடைக்காரர்கள் தந்திரம் செய்தனர். மதுக்கூடத்தை மன்றம் என்றனர், வாடிக்கையாளனை உறுப்பினன் என்றனர், அட்டை அச்சடித்துக் கொடுத்தனர். உறுப்பினர் மட்டும் கூடும் தனி மன்றத்தில் புகைக்கத் தடையில்லை! அவ்வாண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி பெரும்பான்மை இழந்ததும், புகைச்சட்டமே தோல்விக்குக் காரணமென்று பயந்து 2009-இல் தளர்த்தியது. அப்போது மக்கள் குறுக்கிட்டனர். சிறு கட்சியொன்றின் முயற்சியால் கையெழுத்துத் திரட்டி, 2010 சூலை 4-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தச் செய்தனர். வாக்களித்தோரில் 61 விழுக்காட்டினர் விலக்கற்ற தடையே வேண்டுமென்றனர். ஆகஸ்டு முதல் நாளிலிருந்து பெரிய விடுதிக்கும் தெருமுனைக் கடைக்கும் ஒரே சட்டம். நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலமும் 2013 மே முதல் அவ்வழி சென்றது.

நெதர்லாந்து இன்னும் கூர்மையான கேள்வியை எழுப்பியது. அங்கே 2008 சூலை முதல் மதுக்கூடங்களில் தடை. பணியாளர்க்குப் புகையற்ற பணியிடம் தரவேண்டுமென்பது சட்டத்தின் அடிப்படை. பணியாளே இல்லாத கடைக்காரன் கேட்டான்: என் கடையில் நீங்கள் காப்பாற்றப்போகும் பணியாள் எங்கே? குரோனிங்கன், பிரேடா நகர்ச் சிறு கடைக்காரர் நீதிமன்றம் ஏறினர். 2009-இல் இரண்டு மேல்முறையீட்டு மன்றங்கள் அவர்களை விடுவித்தன. 2010 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தடை செல்லும் என்றது. அதே ஆண்டு இறுதியில் வந்த புதிய அரசு, 70 சதுர மீட்டருக்குக் குறைந்த, பணியாளற்ற கடைக்கு விலக்குத் தருவதாக அறிவித்து, 2011-இல் அதை விதியாக்கியது. அடுத்த தெருவிலே பணியாள் வைத்திருந்த கடைக்காரன் சும்மா இருப்பானா? சாம்பற்கிண்ணங்கள் அங்கும் மேசையேறின. விலக்கு என்பது அப்படித்தான். ஒருவன் வீட்டுக் கூரையில் விழுந்த தீப்பொறி அவன் வீட்டோடு நிற்பதில்லை.

புகைக்காதோர் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2014 அக்டோபர் 10-இல் உச்ச நீதிமன்றம் விலக்கை அடித்துவிட்டது. உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் நெதர்லாந்து கையெழுத்திட்டிருக்கிறது. அதன் 8-ஆம் பிரிவு பொது இடங்களில் புகையிலிருந்து பாதுகாப்பை வலியுறுத்துகிறது. சிறு கடைக்கு விலக்கு அதற்கு முரண் என்றது மன்றம். சிறு கடைக்காரர் தோற்றனர். ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் குறிப்பிடத்தக்கது. அதே அமைப்பு அடுத்ததாகப் பெரிய கடைகளின் தனிப் புகையறைகள்மீதும் வழக்குத் தொடுத்தது. அதே 8-ஆம் பிரிவைக் காட்டியது. 2019 செப்டம்பர் 27-இல் உச்ச நீதிமன்றம் அந்த அறைகளும் செல்லா என்றது. சிறியவனின் விலக்கு போன ஐந்தாண்டுக்குள் பெரியவனின் விலக்கும் போயிற்று. ஆனால் அந்த ஐந்தாண்டு? சிறியவன் கடையில் புகைக்கமுடியாது, பெரியவன் அறையில் புகைக்கலாம் என்றிருந்த ஐந்தாண்டு! வழக்கு வரிசையிலே முதலில் வெட்டப்பட்டது எளிய கழுத்துத்தான்.

ஆஸ்திரியாவைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 50 சதுர மீட்டருக்குக் கீழே கடைக்காரன் விருப்பம், மேலே போனால் தனியறை என்று 2009 முதல் ஒரு குழப்பம். முழுத்தடைச் சட்டம் இயற்றி, அது நடைமுறைக்கு வருமுன்பே 2018-இல் புதிய கூட்டணி அதைக் கைவிட்டது. 8 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டும் அசையவில்லை. அந்தக் கூட்டணி ஊழல் நாற்றத்தில் கவிழ்ந்தபின்பே, 2019 நவம்பரில் தடை வந்தது. இடைக்காலத்தில் கண்ணாடிச் சுவர் எழுப்பித் தனியறை கட்டியவர்கள் அதை இடித்துப் பார்க்க நேர்ந்தது.

அளவுகோல் என்றால் சதுர மீட்டர் மட்டுமல்ல. இங்கிலாந்தில் உணவை அளவுகோலாக்கப் பார்த்தார்கள். உணவு பரிமாறும் மதுக்கூடத்தில் தடை. குடி மட்டும் விற்கும் மதுக்கூடத்துக்கு விலக்கு என்பது 2004-இல் அரசு வெளியிட்ட திட்டம். மருத்துவர்கள் கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தனர். உணவில்லாத மதுக்கூடங்கள் மிகுதியாக இருந்தது எங்கே? ஏழைகள் வாழும் பகுதிகளில்! செல்வர் தெருவுக்கு நல்ல காற்று, ஏழை தெருவுக்குப் பழைய புகை. 2006 பிப்ரவரி 14-இல் கட்சிக் கட்டளையின்றி உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களித்தபோது, உறுப்பினர் மன்றங்களையும் விடாமல் முழுத்தடை 384-க்கு 184 என்ற கணக்கில் நிறைவேறியது. 2007 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அதன்பின் அந்நாட்டில் மதுக்கூடங்கள் மூடப்பட்ட வேகத்தைக் காட்டி, பார்த்தீர்களா, புகைச்சட்டம் கொன்றுவிட்டது என்பாருண்டு. 2008-இல் ஏறத்தாழ 50,000 ஆக இருந்த மதுக்கூடங்கள் பத்தாண்டில் 39,000 ஆகச் சுருங்கின என்று அரசுப் புள்ளியியல் அலுவலகமே 2018-இல் கூறியது. அதே அறிக்கை இன்னொன்றையும் கூறியது. அத்தொழிலில் வேலை செய்வோர் தொகை குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. மொத்த வரவும் வீழவில்லை. அப்படியானால் மூடப்பட்டவை எவை? சிறியவை. வளர்ந்தவை எவை? தொடர்கடை நடத்தும் பெருங்கம்பெனிகளின் பெரிய கூடங்கள்.

புகைச்சட்டத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு; மறைப்பானேன்? சட்டம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் தோட்டம் இருவருக்கும் இல்லை. பாதிச் சுவராவது திறந்திருந்தால் அந்த இடம் வெளியிடமாகக் கொள்ளப்படும். பெரியவன் பின்புறத் தோட்டத்தில் கூரையிட்டு, குளிருக்குக் கணப்பும் வைத்து, புகைப்பவனை இருத்திக்கொண்டான். தெருவோரக் கடைக்காரனின் வாடிக்கையாளன் மழையில் நடைபாதையில் நின்றான். அக்கம்பக்கத்தார் கூச்சல் என்று முறையிட்டனர். ஆனால் இது ஒரு கீறல். அவனை வீழ்த்தியது வேறு. 2008-இலிருந்து 2013 வரை விலையேற்றத்தையும் மிஞ்சி ஆண்டுதோறும் ஏறிய பீர் வரி. பெருங்கடைகளின் மலிவு பீர். 2008-இன் பொருளாதார வீழ்ச்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, குத்தகைக் கட்டு. கட்டடம் கம்பெனிக்குச் சொந்தம், நடத்துபவன் குத்தகைக்காரன், பீரை அந்தக் கம்பெனியிடமே, அது சொல்லும் விலைக்கே வாங்கவேண்டும். நம் ஊர்ப் பண்ணையாரிடம் நிலமும் விதையும் வாங்கிய குத்தகை உழவனின் நிலை எது, அதுவே அவன் நிலை. அந்தக் கட்டைத் தளர்த்தும் சட்ட விதிகள் வந்தது 2016-இல்தான். இத்தனை ஆண்டும், புகைச்சட்டத்தை நீக்கு என்று அவனுக்காகக் குரல் கொடுத்தவர் பலர். குத்தகைக் கட்டை அறு என்றோர் சிலரே.

நம் நாட்டையும் ஒரு கண் பார்த்துவிடுவோம். 2008 அக்டோபர் 2-இல், அன்புமணி இராமதாசு நடுவண் சுகாதார அமைச்சராக இருந்தபோது, பொது இடங்களில் புகையைத் தடுக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. நல்ல விதிகள். அதிலும் ஒரு சாளரம்: 30 இருக்கையும் அதற்கு மேலும் உள்ள உணவு விடுதியும், 30 அறையும் அதற்கு மேலும் உள்ள தங்கும் விடுதியும் தனிப் புகையிடம் வைத்துக்கொள்ளலாம். 29 இருக்கைக்காரன் கார்ல்ஸ்ருகேயைப்பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் என்ன கேட்டிருப்பான் என்பதை உங்கள் எண்ணத்துக்கே விடுகிறேன்.

வேறொரு அளவுகோலும் உண்டு என்று காட்டியது டோக்கியோ நகரம். ஜப்பானின் புதிய தேசியச் சட்டம், 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட, முதல் குறைந்த பழைய கடைகளுக்கு விலக்கு அளித்தது. டோக்கியோ தன் நகருக்கென ஒரு விதி செய்தது: கடை எவ்வளவு சிறிதாயினும், கூலிக்கு ஒருவர் வேலை செய்தால் அங்கே புகை கூடாது. தரையை அளக்காமல் ஆளை எண்ணினார்கள். தனியே நிற்கும் கடைக்காரனை மட்டும் அவன் விருப்பத்துக்கு விட்டார்கள். நெதர்லாந்தின் கேள்வி அங்கே விடையின்றியே இருக்கிறது. தேசியச் சட்டமும் நகர விதியும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் முதல் நாள். அடுத்த சில நாட்களிலேயே கொரோனாவுக்காக நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, புகைத்த கடை, புகைக்காத கடை என்ற வேறுபாடின்றி டோக்கியோவின் சிறு மதுக்கூடங்கள் பல விளக்கணைத்துக் கதவடைத்தன.